பில்லில் எழுதாத ஜரிகை

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடுகள் இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில், அவனுடைய 16ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டவை. அவை பேசுவது எங்கள் ஊரான காஞ்சிபுரத்தைப் பற்றி. அன்று இந்த ஊருக்குக் கச்சிப்பேடு என்று பெயர். ஊரகத்துப் பெருமாளுக்கு, அதாவது இன்று உலகளந்த பெருமாள் என்று நாங்கள் கும்பிடும் சாமிக்கு, எந்தெந்த வருமானம் சேர வேண்டும் என்பதை அரசன் அதில் உறுதி செய்கிறான். அவற்றுள் இரண்டு, கோல்நிறைக் கூலியும் கால்அளவுக் கூலியும். ஊரில் நிறுத்து விற்கும் சரக்கை நிறுப்பதற்கும், அளந்து விற்கும் சரக்கை அளப்பதற்கும் வாங்கிய கூலி அது. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தச் செப்பேட்டின்படி யாருக்குக் கிடைத்தது தெரியுமா? நகரத்துச் சேரிகளில் குடியிருந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளர்களுக்கு.

என் வேலைக்காலம் முழுவதும் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் கழிந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். ஓய்வு பெற்ற பிறகு, பட்டு வாங்கி ஏமாந்தவர்களுக்குப் புகார் எழுதிக் கொடுப்பதை ஒரு கடமையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் செப்பேட்டில் என்னைக் கவர்வது கூலியின் தொகை அல்ல. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கை இருந்திருக்கிறது. நிறுப்பதும் அளப்பதும் விற்பவன் ஒருவனுடைய சொந்த விஷயமாக விடப்படவில்லை. நுகர்வோர் பாதுகாப்பு என்று நாம் இன்று சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் எல்லோரும் குடவோலைத் தேர்தலைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் எழுதப்பட்ட அந்தச் சபை விதிகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் இருக்கிறது. ஊரில் புழங்கும் பொன்னின் தரத்தைக் கவனிக்க ஒரு குழு. பொன்னை மாற்றுப் பார்க்கத் தகுந்த ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்குத் தனியாகவே ஒரு கல்வெட்டும் அங்கே உண்டு. விற்பவன் ‘இது பத்தரை மாற்று’ என்று சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டிய நிலையில் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. உரைத்துப் பார்த்துச் சொல்ல ஊர் ஆள் வைத்திருந்தது.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு பட்டுக்கு வருவோம்.

காஞ்சிப் பட்டை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மூன்று புரி முறுக்கிய பட்டு நூலா என்று கையால் தொட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்கு வெளியே குறைவு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் சேலையில் அவை கோர்வை போட்டு இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று திருப்பிப் பார்ப்பவர் அதைவிடக் குறைவு. கோர்வைக்குத் தறியில் ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிந்து கொடுக்க இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அது மனைவியோ பிள்ளையோதான். முந்தியை உடலோடு சேர்க்கும் பேட்னிக்கு ஒவ்வொரு பாவு நூலையும் புது நிற நூலோடு பொருத்த வேண்டும். கண்ணாடி அலமாரியில் மடித்து வைத்த சேலையில் இந்த வேலை கண்ணுக்கே தெரியாது.

பட்டைவிட மறைவானது ஜரிகை. வெள்ளியைக் கம்பியாக இழுத்து, தட்டையாக்கி, சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின் மேல் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசுவதுதான் அசல் ஜரிகை. முன்பு பிரான்சிலிருந்து வந்தது, பிறகு சூரத்திலிருந்து. நெசவாளர்கள் இன்றும் அதை மார்க் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஒரு மார்க் என்பது 242 கிராம். ஒரு சேலையில் எத்தனை மார்க் ஏறியிருக்கிறது என்பது நெய்தவருக்குத் தெரியும், நெய்யக் கொடுத்தவருக்குத் தெரியும். காசு கொடுக்கிறவருக்கு மட்டும் தெரியாது.

அது தெரிய வருவது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு எடுத்த புடவை கிழிந்து, இருபது முப்பது வருஷம் கழித்துத் தெருவில் ‘பழைய பட்டுப்புடவை வாங்குறது’ என்று ஒருவர் கூவிக்கொண்டு வருவார். கரையிலிருந்து ஓர் இழையை உருவி, சுரண்டி, நெருப்பில் காட்டிப் பார்ப்பார். வெள்ளி இருந்தால் விலை சொல்வார். இல்லையென்றால் புடவையை மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பல தலைமுறைகளாகத் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஜரிகையைச் சோதித்துச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் தீர்ப்புச் சொல்லும்போது விற்ற கடைக்காரர் உயிரோடு இருப்பாரா என்பதே சந்தேகம். கச்சிப்பேட்டில் விற்பனையின்போதே இருந்த மூன்றாவது கை, பட்டு வியாபாரத்தில் ஒரு தலைமுறை தாமதமாக வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1930இல், பொருள் விற்பனைச் சட்டம் வந்துவிட்டது. இன்ன பொருள் என்று விவரித்து விற்றால், கொடுக்கும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று அதன் 15ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அதைக் கேட்டு வாங்க உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கட்டணம் கட்டி, வக்கீல் வைத்து, வருஷக்கணக்கில் அலைய வேண்டும். ஒரு சேலைக்காக யார் அலைவார்கள்? ஆகவே வாங்குபவருக்கு இருந்த ஒரே காவல், தெரிந்த கடை, தெரிந்த குடும்பம், தாத்தா காலத்துப் பழக்கம். பழக்கம் இல்லாதவர்களுக்கு அந்தக் காவலும் கிடையாது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலுக்கு வந்த சட்டங்களும் அமைப்புகளும் முதலில் நெசவாளரைத்தான் நினைத்தன. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியது. சங்கங்கள் வந்தன. நெய்யக் கொடுக்கும் முதலாளியான மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல் தறியோடு கட்டுப்பட்டுக் கிடந்தவர்களுக்குச் சங்கம் நூலும் கொடுத்தது, கூலியும் கொடுத்தது. 1953இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் கஞ்சித்தொட்டிக்கு வந்த காலத்தில், காஞ்சி நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணாவும் அவர் கட்சிக்காரர்களும் தோளில் துணியைச் சுமந்து தெருவில் விற்றார்கள். அதே காலத்தில் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று டெல்லியிடம் வாதாடினார். அரசியலில் எதிரெதிராக நின்ற இருவரும் தறிக்காரனின் சோற்றுக்காக ஒரே பக்கம் பேசினார்கள்.

1971இல் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை அரசு தொடங்கியது. சங்கங்களுக்கு நம்பகமான ஜரிகை கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். 1985இல் நாடாளுமன்றம் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியது. குறிப்பிட்ட வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்றது. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட, 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. முதலில் 22 வகைத் துணிகள் இருந்த பட்டியல், பின்னால் 11 ஆகச் சுருங்கியது. சேலை அதில் இன்றும் இருக்கிறது.

இவற்றில் வாங்குபவர் எங்கே என்று கேட்கலாம். நேரடியாக இல்லை. ஆனால் இந்தச் சட்டங்களின் பலன் அவருக்கும் சேர்கிறது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்றால் இருவர் ஏமாறுகிறார்கள். கொடுத்த காசுக்கு உரிய பொருள் வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை. பல நாள் குழித்தறியில் கால் வைத்து நெய்தவருக்கு அவருடைய சேலை விலை போகவில்லை. ஒரே பொய் இருவரையும் தொடுகிறது. நுகர்வோர் உரிமை வேறு, நெசவாளர் நலன் வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

வாங்குபவருக்கென்றே சட்டம் வந்தது 1986இல். 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நுகர்வோரின் உரிமைகளைத் தம் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். 1985 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான நெறிமுறைகளை ஏற்றது. அடுத்த வருஷம் டிசம்பர் 24 அன்று இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். மாவட்டந்தோறும் மன்றம். வக்கீல் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். பொருளைச் சோதித்துப் பார்க்காமல் குறை தெரியாது என்றால், மன்றமே மாதிரியை முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வகம் 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். உத்திரமேரூரில் பொன்னுக்குக் கிடைத்தது, ஆயிரம் வருஷம் கழித்து ஜரிகைக்கும் கிடைத்தது.

அந்தச் சட்டம் வகுத்த ஆறு உரிமைகளில் இரண்டாவதைப் பட்டு வாங்குகிறவர்கள் மனப்பாடமே செய்துகொள்ளலாம். பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை அது. ‘தூய்மை’ என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. ‘பியூர் சில்க், பியூர் ஜரிகை’ என்று பலகையில் எழுதுகிற கடை, அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி பதில் சொல்லக் கடமைப்பட்டது.

நடைமுறையில் சிரமங்கள் இருந்தன. எங்கள் மாவட்டத்துக்கான மன்றம் நெடுங்காலம் செங்கல்பட்டில்தான் இருந்தது. காஞ்சியில் சேலை எடுப்பவர்களோ திருநெல்வேலியிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வருபவர்கள். கல்யாணம் முடிந்த கையோடு வழக்குக்காகப் பஸ் ஏற யாருக்கும் மனம் வராது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று முத்திரைகள் வந்தன. 2004இல் மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் சில்க் மார்க். 2005இல் ‘காஞ்சிபுரம் பட்டு’க்குப் புவிசார் குறியீடு. தமிழக அரசின் கைத்தறித் துறை கேட்டு வாங்கியது அது. 2006இல் கைத்தறி முத்திரை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். சில்க் மார்க் இருந்தால் நூல் அசல் பட்டு என்று அர்த்தம். அது கைத்தறியா, ஜரிகை அசலா என்பதைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்லாது. கைத்தறி முத்திரை இருந்தால் தறியில் கையால் நெய்தது. அதில் பட்டு எவ்வளவு என்பது அதன் வேலை அல்ல. புவிசார் குறியீடு, காஞ்சிப் பகுதியில், காஞ்சி முறைப்படி நெய்தது என்பதற்கான சான்று. அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரு முத்திரையைக் காட்டி மற்ற இரண்டும் இருப்பதுபோலப் பேசுவது கடைகளில் சாதாரணம். சில்க் மார்க் ஒட்டிய சேலையில் போலி ஜரிகை இருக்கலாம். அந்த முத்திரை பொய்யாகிவிடாது. வாங்கியவர் மட்டும் ஏமாந்திருப்பார்.

சில வருஷங்களுக்கு முன் வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்கு நிறப் புடவை. பஸ் ஸ்டாண்டிலேயே ஒருவர் கூட வந்து கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார். கரையில் கறுப்புத் தட்டியிருந்தது.

“சார், ஒரிஜினல் ஜரிகைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நகையை அடகு வெச்சு எடுத்தது சார்.”

கறுத்ததனாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. வெள்ளியும் காற்றுப் பட்டுக் கறுக்கும். முந்தியின் உள்பக்கம் தொங்கிய ஓர் இழையை எடுத்து நகத்தால் சுரண்டினேன். அசலாக இருந்தால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். தெரியவில்லை. வெளுத்த நூல் ஒன்று வந்தது. நெருப்பில் காட்டியபோது தலைமுடி கருகும் வாசனை வரவில்லை. சுருண்டு உருகி உருண்டையானது. கருவியிலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சேலையை வெட்டாமல் கொள்ளாமல், ஊடுகதிரைப் பாய்ச்சி எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சில நிமிஷத்தில் சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் கருவி காஞ்சியில் உண்டு. தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தின் ஜரிகையில் 0.5 சதவீதம் தங்கம், 40 சதவீதம் வெள்ளி, 35.5 சதவீதம் தாமிரம், 24 சதவீதம் பட்டு என்று கணக்கு. அந்த அம்மாவின் கரையில் வெள்ளி பெயருக்குக்கூட இல்லை.

“பில் இருக்காம்மா?”

இருந்தது. ‘சேலை - 1’ என்று ஒரு வரி, பக்கத்தில் தொகை. பட்டு என்ற சொல்லே இல்லை. நேரில் போய்க் கேட்டபோது, அசல் ஜரிகை என்று தாங்கள் சொல்லவே இல்லை என்றார்கள். சுவரில் ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை. புகார் எழுதினேன். கையெழுத்துப் போடும் நேரத்தில் அவர் கணவர், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போகும், விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டோம். அந்தப் புகார் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று தோற்றது சட்டமல்ல. மானத்துக்கு அஞ்சாமல் வழக்குக்குப் போயிருந்தாலும், சட்டம் பிடித்துக்கொள்ள ஒரு வரி அந்தப் பில்லில் இல்லை.

பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. காஞ்சியைப் போன்ற ஊருக்கு அது செய்த பெரிய உதவி ஒன்று உண்டு. வாங்கியவர் தாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே கொடுக்கலாம், இணையம் வழியாகவும் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது சட்டம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொள்ள மறுப்பதும் அப்படியே. அந்தச் சுவர்ப் பலகைக்குச் சட்டத்தில் இடமில்லை. என்ன செய்வது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஓர் ஓட்டை அடைபடவில்லை. மாத்திரை அட்டையில் எத்தனை மில்லிகிராம் மருந்து என்று அச்சிட வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுத வேண்டும். அவற்றைவிடப் பல மடங்கு விலையுள்ள பட்டுச் சேலையில், ஜரிகையில் வெள்ளி எத்தனை சதவீதம் என்று எழுதித் தரும் பழக்கம் எல்லாக் கடைக்கும் வரவில்லை. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்த மௌனத்துக்குள் பொய் நுழைகிறது. போலி ஜரிகையை நான் தடை செய்யச் சொல்லவில்லை. அசல் வாங்க முடியாதவர்கள் விலை குறைந்த ஜரிகையில் ஆசையாக எடுத்துக் கட்டிக்கொள்ளட்டும், அதில் குற்றமில்லை. அதை அதுவென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்க வேண்டும். தரம் குறைந்ததை அசல் விலைக்கு விற்கிற கடைக்குப் பக்கத்திலேயே, அசலை அசல் விலைக்கு விற்கிற நேர்மையான கடையும் சங்கமும் இருக்கின்றன. பொய் சொல்கிற கடை இவர்களுடைய வியாபாரத்தைத்தான் முதலில் தின்கிறது. பிறகு பிள்ளையார்பாளையத்துத் தறிகளைத் தின்கிறது. நெய்தால் கட்டுப்படியாகவில்லை என்று தறியைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைகள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே காஞ்சிக்கு வருகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வழியில் பேச்சுக் கொடுத்து அழைப்பவரோடு போகாதீர்கள். சேலையைத் திருப்பிப் போட்டுக் கோர்வையைப் பாருங்கள். மூன்று முத்திரைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், ‘அசல் பட்டு, கைத்தறி, ஜரிகையில் வெள்ளி இத்தனை சதவீதம்’ என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்காமல் எழுதுவார். எழுத மறுத்தால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். அந்த ஒரு வரியைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் கேட்கக் கேட்கத்தான், கேட்காமலே எழுதித் தரும் வழக்கம் இந்த ஊரில் வரும்.